விளையாட்டுக் கட்டணம்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தடுமாறும்போது விளையாட்டுக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறார்கள். ஆசிரியர் ஓய்வறையில் இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பணம் இருந்த காலத்திலும் இல்லாத காலத்திலும் மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நின்றவர்கள் அவர்கள்தான். ஆடி முடித்தவர்கள் இப்போது விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள்.

1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. நிதிச் சிக்கலில் மூழ்கி 2013இல் அரசின் கைக்கு வந்தது. உபரி என்று கணக்கிடப்பட்ட ஊழியர்கள் வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2021இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் அதனோடு இணைக்கப்பட்டன. அதுவரை விருத்தாசலத்து மாணவிக்குப் பல்கலைக்கழகம் என்பது எங்கோ வேலூரில் இருந்தது. இப்போது ஒரே பேருந்தில் போய்விடலாம். பக்கத்தில் வந்த பல்கலைக்கழகம் அவளுக்குத் தேர்வு எண்ணையும் மதிப்பெண் பட்டியலையும் தவிர வேறென்ன தரப்போகிறது என்பதே என் கேள்வி.

அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெண்ணாடம், மங்கலம்பேட்டை, கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறாள். விடுமுறை நாளில் முந்திரி உடைக்கப் போவாள். பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் பூசுவாள். கட்டணமில்லாப் பேருந்தும், 2022இலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் அவளை வகுப்பறைவரை கொண்டுவந்துவிட்டன. வகுப்பறையிலிருந்து மைதானம் நூறு அடிதான். அந்த நூறு அடிக்கு எந்தத் திட்டமும் இல்லை.

சேர்க்கையின்போது விளையாட்டுக் கட்டணம் வாங்குகிறோம். ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று ரசீதில் இல்லை. மூன்று வருடம் கட்டிவிட்டு ஒருநாள்கூட மைதானத்தில் கால் வைக்காமல் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கட்டிய பணத்தில் வாங்கிய பந்தை யார் உதைத்தார்கள்? ஆண்டு விழாவுக்கு முன்பு இரண்டு வாரம் எறிபந்தும் கேரமும் வைத்து, பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்துவிட்டால் பெண்கள் விளையாட்டு முடிந்தது.

தமிழ்த்துறைக்காரி என்பதால் எனக்கு இது பழைய கதை. சங்க அகப்பாடல்களில் பெண்கள் ஓரை ஆடுகிறார்கள், கழங்கு ஆடுகிறார்கள், பந்து எறிகிறார்கள், ஊசலில் ஆடுகிறார்கள், புனலில் பாய்கிறார்கள். பிறகு இற்செறிப்பு வருகிறது: உடல் வளர்ந்தது, ஊர் பேசுகிறது, வீட்டுக்குள் வா. உடன்போக்குப் போன மகளை நினைத்து அழும் தாயின் கண்ணில் படுவது அவள் விட்டுப்போன விளையாட்டுப் பொருள்கள். இற்செறிப்பை ஐந்து மதிப்பெண் வினாவாக நடத்திவிட்டு, மணி அடித்ததும் மாணவிகளை நேராக வீட்டுக்குப் போகச் சொல்கிறோம். நமக்கு உறைப்பதில்லை.

மேல்நாட்டுக்காரர்களும் இதையே விஞ்ஞானம் என்று செய்தார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலகச் சாதனையோடு வென்றார். பத்திரிகைகளோ ஓடிய பெண்கள் சுருண்டு விழுந்துவிட்டதாக எழுதின. பெண்ணுடம்பு தாங்காது என்று அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வர 1960 ஆனது. ஓடி முடித்த ஆண் தரையில் விழுந்தால் அது வீரம்.

அதே 800 மீட்டரில் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றவர் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமான ஒரு மருத்துவ அறிக்கையை ஊரறியப் பேசினார்கள். பிறகு அவர் செங்கல் சூளையில் வேலை செய்தார். பயிற்சியாளராக நிலைபெற அவர் எத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது! உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் ஓட மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பெண் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு இன்னும் ஓடுகிறவள் தலையில்தான்.

ஆகவே, பதக்கம் வாங்கக்கூடிய நாலு பேரைத் தேர்ந்தெடுத்து விடுதியில் வைத்துப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று சொல்லும் இன்னொரு கட்சியையும் நான் ஏற்கவில்லை. பதக்கத்துக்காக மட்டும் ஒரு பெண்ணை வேண்டுகிறவர்கள் பதக்கம் போனதும் அவளைக் கைவிடுவார்கள். சாந்திக்கு நடந்தது அதுதான். தவிர, பதக்கமே வேண்டும் என்றாலும் வழி அதுவல்ல. நம் மாவட்டத்தையே பாருங்கள். இந்திய மகளிர் கால்பந்து அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூர் மைதானத்தில் வளர்ந்தவர்கள். சிறுமிகளுக்குத் தினமும் திறந்திருந்த ஒரு மைதானமும், விடாமல் வந்த பயிற்சியும் இருந்தன. முதலில் கூட்டம், அதிலிருந்துதான் ஆட்டக்காரி.

அமெரிக்காவில் 1972இல், அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனத்தில் பாலினப் பாகுபாடு கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தார்கள், வழக்குப் போட்டார்கள், வென்றார்கள். கருணையைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்டார்கள். நம் பல்கலைக்கழகமும் அரசுப் பணத்தில்தான் நடக்கிறது.

எனக்கும் கணக்குதான் வேண்டும். இணைவுபெற்ற ஒவ்வொரு கல்லூரியும் வசூலித்த விளையாட்டுக் கட்டணம் எவ்வளவு, அதில் மாணவிகளுக்குச் செலவானது எவ்வளவு என்று ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பெண் உடற்கல்வி இயக்குநர் இல்லாத கல்லூரிக்கு ஒருவரை நியமிக்கட்டும். அதுவரை பக்கத்துக் கல்லூரியிலிருந்து வாரம் இரண்டு நாளாவது வரட்டும். மைதானத்தை ஒட்டித் தண்ணீர் வரும் கழிப்பறை, நாப்கின், உடைமாற்ற ஓர் அறை. மண்டலப் போட்டிக்குப் போகும் மாணவிக்குப் பயணப்படியைப் புறப்படும் முன்பே கையில் கொடுக்க வேண்டும். கைக்காசைப் போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருக்க அவளிடம் கைக்காசு இல்லை. அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா என்ற கடிதம் ஆண்களுக்கு இல்லையென்றால் பெண்களுக்கும் வேண்டாம்.

பயிற்சியை மாலையில்தான் வைக்க வேண்டும் என்பதும் ஆண்களின் வசதிதான். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளுக்கு அந்த நேரம் இல்லை. கால அட்டவணையில் வாரத்துக்கு மூன்று பாடவேளையைப் பகலிலேயே மைதானத்துக்கு ஒதுக்குங்கள். வெயில் என்பார்கள். அந்த மூன்றில் ஒன்றுக்கு என் தமிழ் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், காலை முதல் மணி, ஒன்பதரைக்கு.