உயர்ந்த கைகளும் தாழ்ந்த கைகளும்

சில வாரங்களுக்கு முன்னர், கல்முனைப் பகுதியிலுள்ள பாடசாலையொன்றிலே நடைபெற்ற மாணவர் விவாத அரங்கிற்குத் தலைமை வகிக்குமாறு நம்மை அழைத்திருந்தனர். “இலங்கைக்கு அணுமின் நிலையம் அவசியமே” என்பது விவாதப் பொருள். உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் ஒட்டியும் நால்வர் வெட்டியும் பேசினர். பேச்சிலே குறையில்லை, குரலிலேதான் சிறிது மிகை. பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் மண்டபத்தின் பின்வரிசைகளை நிறைத்திருந்தனர்.

விவாதம் முடிந்ததும், தீர்ப்பு வழங்குமுன் சபையோரிடம் இரு வினாக்களை விடுத்தோம். “நம் நாட்டுக்கு அணுமின் நிலையம் வேண்டுமென்போர் கை உயர்த்துக” என்றபோது, மண்டபத்திற் பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. “அதனை மருதமுனைக்கும் நிந்தவூருக்கும் இடைப்பட்ட நம் கடற்கரையிலேயே அமைப்பதாயின்?” என்று அடுத்துக் கேட்டோம். உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. ஒட்டிப் பேசிய அணித் தலைவரின் கை மாத்திரம் சற்றுத் தயங்கி நின்றது. அருகிலிருந்த தோழர் சிரிக்கவே, அதுவும் இறங்கியது. சபை கலகலத்தது.

அப்படியொரு திட்டம் எவரிடமும் இருப்பதாக நேயர்கள் கலங்கவேண்டியதில்லை. அது தலைவரின் குறும்பு, அவ்வளவே. ஆயினும் அந்தக் கைகள் ஏன் இறங்கின என்னும் வினா வீடு திரும்பிய பின்பும் நம்மை விடவில்லை. ஜனங்களின் அறியாமைதான் காரணம் என்று கற்றவர் சிலர் எளிதிற் சொல்லிவிடுவர். நமக்கு அது சரியாகப்படவில்லை.

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கினியாகலையிலே சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் பாய்ந்து யந்திரச் சக்கரத்தைச் சுழற்ற, அதனால் ஏறத்தாழ 11 மெகாவாட் மின்சாரம் பிறக்கிறது. அணுமின் நிலையத்திலும் சுழல்வது அத்தகைய சக்கரமே. நீரின் பாய்ச்சலுக்குப் பதிலாக நீராவி சுழற்றுகிறது. யுரேனிய அணுக்கள் பிளக்கும்போது எழும் வெப்பம் அந்த ஆவியை உண்டாக்குகிறது. புகை இல்லை; கரி இல்லை. 900 மெகாவாட் வலுவுள்ள நுரைச்சோலை நிலையம் ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரியை விழுங்குகிறது. அதையொத்த அணு உலைக்கு ஆண்டுக்குச் சில பத்துத் தொன் எரிபொருள் போதும். மாணவர் இதைச் சொன்னபோது சபை கைதட்டியது, தட்டத்தக்க செய்திதான்.

ஆனால் ஒரு நுட்பத்தை இரு அணியினரும் தொடவில்லை. அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டாலும் தணல் உடனே ஆறுவதில்லையல்லவா? அணு உலையும் அத்தகையதே. பிளவை நிறுத்திய கணத்திலும் முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு எஞ்சி நிற்கும். அது நாளடைவிற் குறையுமாயினும், குறையும்வரை நீரைச் செலுத்திக் குளிர்விக்காவிடின் உலையின் உட்பகுதியே உருகிவிடும். குளிர்விக்கும் பம்பிகளை இயக்குவதற்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் செய்யும் இடத்துக்கே மின்சாரம் அற்றுப்போவதுதான் பேராபத்து.

யப்பானின் புக்குஷிமாவில் 2011 மார்ச் 11ஆம் திகதி நிகழ்ந்தது அதுவே. பூமி அதிர்ந்ததும் இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. அதுவரை யந்திரங்கள் தம் கடமையைச் செய்தன. ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களின் பின் 14, 15 மீற்றர் உயர அலை எழுந்து வந்து, கட்டடங்களின் கீழ்த்தளத்திலிருந்த அவசர மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தது. தணல் ஆறவில்லை. மூன்று உலைகளும் உருகின. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறினர்.

கடல் எழுந்து வந்தது என்பதை நம் பிரதேசத்தாருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டது; இலங்கையின் வேறெந்த மாவட்டத்திலும் அத்தனை இழப்பில்லை. அதே அலை, அதே காலையில், தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும் அடைந்தது. கடல்நீர் பம்பிக் கூடத்துட் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டார்கள். உலை தப்பியது. ஊழியர் குடியிருப்பிலோ உயிர்கள் மாண்டன. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அன்று பிள்ளைகளைத் தேடி ஓடிய தாய்மாருக்கும் கல்பாக்கத்துத் தாய்மாருக்கும் இடையே கடல் ஒன்றே.

ஆகவே கையிறக்கியவர்களுக்கு அலையின் அச்சம் ஒரு காரணம். அதனைவிடப் பெரிய காரணம் மற்றொன்று உண்டென்று நாம் எண்ணுகிறோம்.

புக்குஷிமா நிலையத்தை நடத்திய கம்பனியிடம், 15 மீற்றருக்கு மேற்பட்ட அலை வரக்கூடுமென்னும் கணக்கு 2008ஆம் ஆண்டிலேயே இருந்தது. அலுவலகத்துக்குள் இருந்த அக்கணக்கு, தடுப்புச் சுவராக எழவில்லை. யப்பானிய நாடாளுமன்றம் நியமித்த விசாரணைக் குழு, இது மனிதரால் விளைந்த அனர்த்தமென்றே 2012இல் முடிவு கூறியது. அதே கரையில் ஒனகாவா என்னும் இடத்திலும் ஓர் அணுமின் நிலையம் உண்டு. அது பூகம்பத்தின் மையத்துக்குப் புக்குஷிமாவை விட அண்மையிலுள்ளது. அதனை அமைத்த காலத்தில் யனொசுக்கே ஹிராய் என்ற பொறியியலாளர், பழைய பேரலைகளை நினைவில் வைத்து, நிலத்தை 14.8 மீற்றர் உயரத்தில் அமைக்கவேண்டுமென்று பிடிவாதமாக நின்றாராம். செலவு மிகுதி என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். 2011இல் ஏறத்தாழ 13 மீற்றர் அலை வந்தது, நிலையம் தப்பியது. வீடிழந்த அயற் கிராமத்தார் முந்நூறு பேரளவில் அந்த நிலையத்தின் விளையாட்டு மண்டபத்திலேயே தஞ்சம் புகுந்தனர்.

ஒரே அணு, ஒரே கடல், ஒரே அலை. ஓரிடத்தில் மக்கள் நிலையத்தை விட்டு ஓடினர்; மற்றோரிடத்தில் நிலையத்தை நோக்கி ஓடினர். பிரித்து வைத்தது விஞ்ஞானம் அன்று. யார் எதைச் சொன்னார், யார் கேட்டார் என்பதே.

நம் அயலிலுள்ள கூடங்குளத்தின் கதையும் இத்தகையதே. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின்படி, தலா 1,000 மெகாவாட் வலுவுள்ள இரண்டு உலைகள் அங்கே எழுந்தன. புக்குஷிமா நிகழ்ந்த ஆண்டிலே இடிந்தகரை மீனவர் திரண்டு எழுந்தனர். தமிழ்நாட்டு அமைச்சரவை முதலில் மக்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்துமாறு கோரியது. இராமேசுவரத்து மண்ணின் மைந்தரான அப்துல் கலாம் 2011 நவம்பரில் நேரிற் சென்று பார்த்து, நிலையம் பாதுகாப்பானதே என்றார். கலாமை நேசியாத தமிழர் எவர்? ஆயினும் போராட்டம் ஓயவில்லை. பின்னர் தமிழ்நாடெங்கும் மின்வெட்டு நீண்டது. விசைத்தறியும் பம்புசெற்றும் நின்றன. 2012 மார்ச்சில் அதே அமைச்சரவை பணிகளைத் தொடர அனுமதித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கடற்கரையிலே பொலிசார் கூட்டத்தைக் கலைத்தனர். மணப்பாட்டிலே மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். முதலாம் உலை 2013இல் இயங்கத் தொடங்கியது. வெளிச்சம் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போயிற்று. அச்சம் இடிந்தகரையிலே தங்கிற்று. இந்தப் பங்கீட்டிலேதான் சிக்கல் இருக்கிறது.

நமக்கு அணு உலை அநுபவம் இல்லை; பெருந்திட்ட அநுபவம் உண்டு. ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் மூடிற்று. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. காணியிழந்தவரும் தோணி வைத்த இடத்தை இழந்தவரும் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். கப்பல் வரும் என்று கேட்ட செவிகள், மின்சாரம் வரும் என்று கேட்டால் உடனே நம்பிவிடுமா? கையிறக்கியோர் அணுவைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. மணலைப் பற்றியும் யோசித்தனர் போலும்.

இனி, கை உயர்த்தியவர்களின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டை மறந்தவர் யார்? மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. மருதமுனையிலே மின்தறி நின்றது. மண்ணெண்ணெயும் கிட்டாமையால் குப்பி விளக்குக்கும் வழியில்லாது பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள்தாம் இன்று மேடையேறி அணுமின்சாரத்துக்காக வாதாடினர். இருட்டிலே படித்தவன் வெளிச்சத்துக்குக் கை தூக்குவதிற் குற்றமென்ன? வளைகுடாவுக்குச் சென்ற தமையன்மாரின் கதையும் அவர்களுக்குத் தெரியும். அபுதாபியில் பராக்கா என்ற இடத்தில் நான்கு அணு உலைகள் 2020 முதல் 2024 வரை ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கி, அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கைத் தருகின்றன. நாம் “பரக்கத்” என்று வழங்கும் சொல்தான் அவ்வூரின் பெயர். அங்கு வேலை செய்யும் நம்மூர் இளைஞரின் அறையைக் குளிர்விக்கும் யந்திரமும் ஓரளவு அணுவின் தயவாலேயே ஓடுகிறது.

நம் நாடும் அணுவுக்குப் புதிதன்று. தோரியனைற்று என்னும் தோரியக் கனியத்தை 1904இல் இலங்கையிலே கண்டறிந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை விமரிசகராகவே நாம் அறிந்த அப்பெரியார் முதலில் நிலநூல் விஞ்ஞானி! சர்வதேச அணுசக்தி முகவராண்மையில் இலங்கை 1957இலேயே அங்கத்துவம் பெற்றது. 1969இல் அணுசக்தி அதிகாரசபைச் சட்டம் வந்தது. 2014இன் சட்டம் அதனைப் பிரித்து, வளர்ப்பதற்கு ஒரு சபையும் கண்காணிப்பதற்கு வேறொரு பேரவையுமாக ஆக்கியது. வளர்ப்பவனே காவற்காரனாக இராதபடி செய்தது நல்ல காரியம். 2022இல், மின்வெட்டு வாட்டிய அதே ஆண்டில், அம்முகவராண்மையின் நிபுணர் குழு கொழும்புக்கு வந்து, அணுமின்சாரத்துக்கு நாடு எவ்வளவு ஆயத்தமாக உள்ளதென ஆராய்ந்தது. அவர்கள் பார்க்கும் விடயங்கள் பத்தொன்பது. சட்டம், பணம், பயிற்சி, கழிவு ஆகியவற்றோடு, மக்களும் தொடர்புடையோரும் என்ன எண்ணுகின்றனர் என்பதும் அவற்றுள் ஒன்று. நம் மண்டபத்துக் கைகளும் அந்தப் பட்டியலில் அடங்கும் என்பதை மாணவர் கவனிக்க.

இவற்றிற்கு மேலாக ஒரு கணக்கு இருக்கிறது. நம் நாடு முழுவதும் இரவிலே மிக அதிகமாகச் செலவிடும் மின்சாரம் 3,000 மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரே நிலையத்தின் ஒரே யந்திரம் மொத்தத்தில் ஏறத்தாழ பத்திலொரு பங்கை மிஞ்சலாகாதென்பது பொறியியலாளர் வழக்கு; மிஞ்சினால், அது சடுதியாக நிற்கும்போது எல்லாமே நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதாக அமைச்சர் கூறினார். நாடே இருண்டது; நுரைச்சோலையின் மூன்று யந்திரங்களும் நின்று, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு நீடித்தது. ஒரு வானரத்தைத் தாங்காத வலையமைப்பிலே, கூடங்குளத்து அளவான 1,000 மெகாவாட் உலையைக் கொண்டுவந்து மாட்டுவது எப்படி? 300 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிற்றுலைகளே நமக்குப் பொருந்துமென்பர். உலகில் இயங்கும் அத்தகைய புதிய உலைகளோ இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவை. ருஷ்யாவிலே கப்பல்மேல் இயங்குவனவும் சீனாவிலே இயங்குவனவும் குறிப்பிடத்தக்கன. முடிவெடுத்த நாளிலிருந்து வெளிச்சம் வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் செல்லும்.

எனவே அடுத்த ஆண்டின் மின்வெட்டுக்கு அணு மருந்தாகாது. அதற்கிடையிலே நம் கையிலிருப்பது கச்சான் காற்றும் கொளுத்தும் வெயிலுமே. ஆயினும் வெயிலுக்கும் ஒரு குறையுண்டு. நண்பகலிலே கூரைச் சூரியத் தகடுகள் தேவைக்கு மேல் தந்துவிடுகின்றன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அவற்றைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே வேண்டிக்கொண்டது. மஃரிபு பாங்கு ஒலித்து வீடுகள்தோறும் விளக்கேறும் வேளையிலோ அத்தகடுகள் உறங்கிவிடுகின்றன. பகலை இரவுக்குச் சேமிக்கும் மின்கலத் தொகுதிகளுக்கே முதற் பணத்தைச் செலவிடவேண்டுமென்பது நம் அபிப்பிராயம். அணுவின் கதவைத் தாழிடவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அக்கதவைத் திறப்பதாயின், இடத்தைத் தெரிந்தெடுத்த பின்பு ஊராரை அழைத்து விளக்கமளிக்காமல், தெரிந்தெடுக்குமுன்னரே அலைக் கணக்கையும் கழிவுக் கணக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுப் பள்ளிவாசல் முற்றத்திலும் கோயில் மண்டபத்திலும் படித்துக் காட்டட்டும். 2008இன் யப்பானியக் கணக்குப் போல அலுமாரிக்குள் கிடக்கும் கணக்கு நமக்கு வேண்டாம்.

அன்றைய தீர்ப்பை மாணவர் கேட்பர். வெட்டிப் பேசிய அணிக்கு ஒரு புள்ளி மிகுதியாக வழங்கினோம். தணலை எவரும் சொல்லாமையால் இரு அணிக்கும் இரண்டிரண்டு புள்ளி குறைத்தோம். முடிவுரையிலே ஒனகாவாவின் கதையையும் சொன்னோம்.

மண்டபத்தை விட்டு வெளியேறுகையில், அணித் தலைவரின் மூத்தம்மா நம்மை வழிமறித்தார். பேரலையிலே வீட்டைப் பறிகொடுத்து, புதுவீடு கிடைக்கும்வரை கூடாரத்தில் இருந்தவர் அவர். “அந்த மனிசன் உசத்திக் கட்டினாரெண்டு சொன்னீங்களே மகன், எவ்வளவு உசரம்? நம்மட தென்னையளவு வருமா?” என்று கேட்டார்.

நெட்டைத் தென்னையைவிடச் சற்றுக் குறைவு என்றோம்.

அவர் கடற்பக்கம் திரும்பி, வரிசையாய் நின்ற தென்னைகளின் வட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.