ட்ரிப் ஆகிறது என்று 32 போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஆனால் எம்சிபி 'டப்' என்று விழுந்துவிடுகிறது. "16 பத்தலண்ணா. 32 மாத்துனா நிக்கும்னு எலக்ட்ரீஷியன் சொன்னாரு. இவரு வாங்கியும் வந்துட்டாரு" என்றாள்.

ஒன்றரை டன் ஏசி சுமார் 8 ஆம்பியர்தான் இழுக்கும். 16 ஏன் விழ வேண்டும்? டிபி பாக்ஸைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு மூலை மட்டும் நன்றாகச் சுட்டது.

எம்சிபிக்குள் இருப்பது, வகுப்பில் மெழுகுவர்த்தியில் காட்டி வளைத்தோமே, அதே ஈருலோகப் பட்டைதான். மின்னோட்டம் அளவு மீறினால் சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் சூடு எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் வளையும். தளர்ந்த இடத்தில் 0.4 ஓம் தடை என்று வையுங்கள். ஜூல் விதிப்படி 8 × 8 × 0.4, அதாவது 25.6 வாட். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் எரிவது போல! ஆர்சிசிபி இருக்கிறதே என்பீர்கள். அது மின்கசிவைத்தான் பார்க்கும், இந்தச் சூட்டைப் பார்க்காது.

இன்னொன்று. வீட்டு எம்சிபியின் அளவு 30 டிகிரி வெப்பநிலையை வைத்துக் குறிக்கப்படுவது. நம் ஊர் மே மாதத்தில், வெயில் விழும் மேற்குச் சுவரில், மூடிய பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும்? அதில் பத்து எம்சிபியை இடைவெளியே இல்லாமல் நெருக்கி வைக்கிறோம். முழு லோடில் 16 ஆம்பியர் எம்சிபி ஒன்றே 3 வாட் வரை சூடு விடலாம். அடுப்பு மேடைக்கு மேலேயே பெட்டி வைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

32 போட்டால் ட்ரிப் நிற்கும், உண்மைதான். ஆனால் எம்சிபி காப்பது ஏசியை அல்ல, சுவருக்குள் போகும் வயரை. குழாய்க்குள் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 32 ஆம்பியரைத் தாங்காது. எனக்கு எலக்ட்ரீஷியன் மேல்கூடக் கோபமில்லை. ஒரே நாளில் 'சரியாகணும்' என்று அவரை நெருக்குவது நாம்தானே!

வேறொருவரை வரவழைத்துத் திறக்கச் சொன்னேன். வயர் நுனி கருகி, எம்சிபியின் கால் பழுப்பேறியிருந்தது. நுனியை வெட்டி, புது 16 போட்டு, ஸ்க்ரூவை இறுக்கினார். பக்கத்தில் ஓர் இடம் காலி விட்டார். நீங்களே ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடாதீர்கள். மெயினை அணைத்தாலும் அதன் மேல்முனையில் மின்சாரம் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் கருகல் வாடை, மஞ்சளித்த பிளாஸ்டிக், 'ஸ்ஸ்' என்ற சத்தம் ஏதாவது இருந்தால் இந்த வாரமே ஆளைக் கூப்பிடுங்கள். தங்கை வீட்டு ஏசி இப்போது விடியவிடிய ஓடுகிறது. அந்த 32ஐ என்ன செய்வது என்றுதான் மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறார்.