கணினித் திரையும் 21ஆம் உறுப்புரையும்

"பாடசாலைக்குக் கணினி வந்துவிட்டது; இனிக் குறை என்ன?" என்று கேட்போர் பாண்டிருப்பிலும் உளர், மருதமுனையிலும் உளர். குறை கணினியில் இல்லை. அதில் இயங்கும் மென்பொருளின் வகையிலும் மொழியிலுமே இருக்கிறது.

வினாத் தொடுத்துப் புள்ளியிடும் மென்பொருள் ஒரு வகை. சரி, பிழை என்று அது கூறும். ஏன் பிழை என்று பெரும்பாலும் கூறாது. பரீட்சைக் காலத்துக்கு அது போதும். (நம் பெற்றோர் பலர் விரும்புவதும் அதனைத்தான்!) அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பட்ட 'ஃபெட்' வேறு வகை. மாணவனே திரையில் மின்சுற்றை இணைக்கிறான். கம்பியொன்றைக் கழற்றினால் மின்குமிழ் அணைகிறது. உடனே அவனுக்குள் ஒரு கேள்வி பிறக்கிறது. அக்கேள்வி எம்மொழியில் பிறக்கும்? தாய்மொழியில் அன்றோ! ஆய்கூட வசதி குன்றிய பாடசாலைக்கு முதலில் வேண்டியது இதுவே. இவற்றுட் சில தமிழிலும் உள, விலையும் இல்லை.

கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' மும்மொழியிலும் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளுள் ஒன்றின் மூலம் கல்வி பெற ஒருவருக்கு உரித்துண்டு என்கிறது. அவ்வுரித்து கரும்பலகையோடு நின்றுவிடுமா? பாடசாலைகளுக்கு மென்பொருள் வாங்கக் கோரப்படும் ஒவ்வொரு விலைமனுவிலும் "தமிழிலும் இயங்கவேண்டும்" என்ற நிபந்தனை இடம்பெறல் வேண்டும். இடம்பெறாவிடின், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் எழுத்தில் விளக்கம் கோரட்டும்.