தோட்டத் திருவிழாவுக்கு விருந்தாளி வரட்டும், பியர் பந்தல் வேண்டாம்

பதுளைக்குப் போகும் ரயிலில் வரும் வெளிநாட்டவர் பலர் எல்லயில் இறங்கிவிடுகிறார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தையும் தேயிலை மலையையும் படம் பிடித்துக்கொண்டு, மாலையில் பீட்சாவும் பியருமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அதே மலையில் கொழுந்து பறிப்பவர்கள் என்ன சமைக்கிறார்கள், எந்த நாளில் கூடிக் கொண்டாடுகிறார்கள் என்பது தெரியாமலே ஊர் திரும்புகிறார்கள். பசறையிலும் நமுனுகுலவிலும் ஹாலிஎலவிலும் தோட்டத்து மாரியம்மன் கோவில்களில் கரகம், பால்குடம், காவடி, தீமிதிப்பு என்று திருவிழா நடக்கிறது. மாசியில் காமன் கூத்து விடிய விடிய நடக்கிறது. இந்த நாட்களில் வெளியூர்க்காரர் வந்து தோட்டத்துச் சாப்பாட்டை உண்ண வேண்டும், அதைச் சமைத்து விற்கும் பெண்கள் கைக்கே காசு போய்ச் சேர வேண்டும் என்று நான் வாதிடுகிறேன். ஆனால் சுற்றுலா வளர்ச்சி என்ற பெயரில் அதோடு பியர் பந்தலையும் சேர்த்துக் கட்டக் கூடாது.

உணவும் பியரும் கலந்த திருவிழா என்றதும் எல்லோரும் காட்டுவது ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஒக்டோபர்ஃபெஸ்ட். 1810இல் பவேரிய இளவரசர் லுட்விக்கின் திருமணத்தையொட்டித் தொடங்கிய விழா அது. இன்றும் அந்த நகர எல்லைக்குள் வடிக்கும் ஆறு ஆலைகளின் பியருக்கு மட்டுமே அங்கு இடம். ஊர்க்காரர் தாங்களே விரும்பி உண்பதையும் குடிப்பதையும் விருந்தாளிக்கும் பரிமாறுவதால்தான் உலகமே அங்கே திரள்கிறது. இந்த அளவுகோலை எல்லயில் வைத்துப் பாருங்கள். இலங்கையின் பியர் 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாக் குளிரில், தோட்டத் துரைமாரின் தாகத்துக்காக வடிக்கத் தொடங்கியது. இன்று அதன் பேராலை கொழும்புக்கு அருகே பியகமவில் இருக்கிறது. எல்லயில் போத்தல்கள் எத்தனை விற்றாலும், பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தின் தொழிலாளர் லயத்துக்கு அதில் பங்கில்லை. மியூனிக்குக்குப் பியர் எப்படியோ, ஊவாவுக்குத் தேயிலை அப்படி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைக் காயவைக்கும் வறண்ட காற்றில் இங்கே பறிக்கும் கொழுந்துக்கு ஒரு தனி வாசனை ஏறுகிறது. உலக ஏலச் சந்தை அதைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. ஆடித் திருவிழாவும் அதே பருவத்தில் வருகிறது. ஆனால் அந்த நல்ல தேயிலையில் பெரும்பகுதி கப்பலேறிவிட, பறித்தவர் வீட்டில் கொதிப்பது தூள்தான். திருவிழாப் பந்தலில் விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் அந்தப் பருவத்துத் தேத்தண்ணியே கிடைக்கட்டுமே.

மதுவை விலக்கச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வரலாற்றில் இருக்கிறது. காலனி அரசு சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தது. தோட்டங்களை ஒட்டித் தவறணைகள் முளைத்தன. சம்பள நாளில் கொடுத்த கூலியில் ஒரு பகுதி அந்த வழியாகவே திரும்பிப் போனது. குத்தகைக்காரர்கள் கொழும்பில் மாளிகை கட்டினார்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. நாட்கூலி 1000 ரூபாயாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்த வீடுகளில் ஒரு போத்தல் மது எதைத் தின்னும் என்பது அங்குள்ள பெண்களுக்குத் தெரியும். பந்தலில் பியர் வந்தால் அனுமதிப்பத்திரமும் முதலும் உள்ளவரே பந்தலுக்கும் முதலாளி ஆவார். பெண்களைப் பொறுத்தவரை சட்டமே தடுமாறியிருக்கிறது. அவர்களுக்கு மது விற்பதையும் விற்பனை இடங்களில் அவர்களை வேலைக்கு வைப்பதையும் தடுத்த 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தலையிட்டு அதை மீளப்பெறச் செய்தார். அந்தத் தடையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ரொட்டி தட்டியவள் கல்லாவில் உட்கார வேண்டுமென்றால், அந்தக் கல்லாவில் மது இல்லாமலிருப்பதே நல்லது.

மது இல்லாவிட்டால் பயணிகள் வரமாட்டார்கள் என்பார்கள். இந்த நாட்டில் போயா எனப்படும் ஒவ்வொரு பௌர்ணமி தினத்திலும் மது விற்பனைக்குத் தடை. அதற்காகச் சுற்றுலா நின்றுவிடவில்லை. வெசாக் காலத்தில் இலவசமாக உணவு வழங்கும் தன்சல்களில் வெளிநாட்டவரும் வரிசையில் நின்று சோறு வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அந்த வரிசையையே பயணத்தின் பெரிய நினைவாகச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் குடிக்கலாம், தொழிலாளி குடிக்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. தொழிலாளி குடிப்பதும் குடிக்காததும் அவர் உரிமை. அதில் உபதேசம் செய்ய எனக்கு இடமில்லை. குடிக்க விரும்பும் பயணிக்கு எல்லயில் கடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. கோவில் வாசலில் இன்னொன்று எதற்கு என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு ஆட்சேபம் மனதை உறுத்துவது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் வறுமையின் சாப்பாடு, அதைக் காட்சிக்கு வைப்பது அவமானம் என்கிறார்கள். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்தத் தலைமுறைக்குக் கோதுமை மா என்றாலே கசப்பு இருக்கும். அதை மறக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனாலும் அடுப்புக் கல்லில் வெந்த ரொட்டியையும் கொச்சிக்காய் இடித்த சம்பலையும் அந்த மக்கள் வெறுத்து ஒதுக்கிவிடவில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் ஊருக்கு வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான். சொகுசு விடுதி அதே ரொட்டியைத் தட்டில் அடுக்கி டொலருக்கு விற்பதை ஏற்றுக்கொண்டு, சமைத்தவர் தானே விற்பதை அவமானம் என்பதில் நியாயமில்லை. கோவில் வழிபாடு வழிபாடாகவே இருக்கட்டும், அன்னதானமும் விலையில்லாமலே நடக்கட்டும். கடைகள் கோவிலுக்கு வெளியே, திருவிழாச் சந்தையில் இருந்தால் போதும். எந்தச் சடங்கைப் படம் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதைக் கோவில் நிர்வாகமே முடிவு செய்யட்டும்.

உண்மையான தடை நிலம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போன பிறகும் லயமும் அதன் முற்றமும் அங்கே குடியிருப்பவருக்குச் சொந்தமாகவில்லை. ஒரு அடுப்பும் நாலு வாங்கும் போடக்கூட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணி தருவதாக அரசு கொடுத்த வாக்குறுதியை நிறைவேற்றும் வரை, திருவிழா நாட்களிலாவது பிரதேச சபையும் கம்பனிகளும் பெண்கள் சங்கங்களுக்கு எழுத்தில் இடம் ஒதுக்க வேண்டும். தண்ணீரும் கழிப்பறையும் குப்பை அகற்றலும் சபையின் பொறுப்பாக இருக்க வேண்டும். ரயில் நிலையங்களில் திருவிழா நாட்களை மும்மொழியிலும் எழுதி ஒட்டுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. வருகிற ஆடிக்கு முன் பதுளை மாவட்டச் செயலகமே இதைத் தொடங்கிவைக்கலாம்.