இல்லப் பராமரிப்பு: சைக்கிள் முனகுவது ஏன்?



தனக்கு நேர்ந்த நோயைத் தானே வாய்விட்டுச் சொல்லும் பொருள் நம் இல்லங்களில் ஒன்று உண்டு. அதுதான் சைக்கிள். 'கிறீச்' என்றும், 'டக் டக்' என்றும், 'கடகட' என்றும் அது எழுப்பும் ஓசைகளைத் தொல்லை என்று கருதி நாம் ஒதுக்கிவிடுகிறோம். நாளடைவில் பழகிப் போய், அவற்றைக் காதில் வாங்குவதையே விட்டுவிடுகிறோம். அவ்வோசைகளுள் சில வெறும் முனகல். வேறு சிலவோ ஆபத்தை முன்கூட்டி அறிவிக்கும் எச்சரிக்கை. இரண்டையும் பிரித்தறியும் பழக்கம் ஒவ்வோர் இல்லத்திலும் இருத்தல் நலம்.

சென்னைக்கும் சைக்கிளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் தயாரித்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள் நாடெங்கும் ஓடின. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவியருக்கெனத் தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. அரசு ஒருமுறைதான் தரும். அதைக் காப்பது வீட்டார் பொறுப்பு. மயிலாப்பூர்ச் சந்துகளில் செய்தித்தாள் போடும் இளைஞருக்கும், தியாகராய நகர்க் கடைவீதியில் தேநீர் விற்பவருக்கும், அடையாற்றின் அடுக்குமாடிகளுக்குக் காவல் பணிக்கு வரும் பெரியவருக்கும் சைக்கிள் நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும். மணிக்கணக்கில் சைக்கிளை வாடகைக்கு விட்டு, பழுதும் பார்த்துத் தந்த கடைகள் இன்று அருகிவிட்டன. எனவே, சிறு பழுதுகளை வீட்டிலேயே நீக்கக் கற்பது சிக்கனமும் ஆகும்.

முதலில் நோயின் இருப்பிடத்தை அறிய வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில் வண்டியை ஓட்டி, பெடல் மிதிப்பதைச் சற்றே நிறுத்துங்கள். ஓசை நின்றுவிட்டால் குறை பெடல், கிராங்க், செயின் ஆகியவற்றில் உள்ளது. மிதிக்காதபோதும் ஓசை தொடர்ந்தால் சக்கரத்தையும் மட்கார்டையும் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒலித்தால் பிரேக் கட்டையையும், பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஒலித்தால் கேரியர், ஸ்டாண்ட், மட்கார்டு கம்பி ஆகியவற்றின் நட்டுகளையும் கவனியுங்கள். சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கும்போது ஓசை மறைந்தால், சீட்டின் ஸ்பிரிங் எண்ணெய் கேட்கிறது என்று பொருள். மிதிக்காமல் வண்டி ஓடும்போது பின்சக்கரத்தில் எழும் சீரான 'டிக் டிக்' ஒலி பிரீவீலின் இயல்பான ஓசை, அது நோயன்று.

அடுத்து, ஓசை எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். பெடலின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வந்தால் குறை பெடலிலோ கிராங்கிலோ இருக்கும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வந்தால் ஸ்போக், ரிம், டயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டரைப் பெடல் சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்றால், செயினில் ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் விறைத்துள்ளது. முன்பல் சக்கரத்தில் 44 பற்களும், செயினில் சுமார் 110 கண்ணிகளும் இருந்தால், செயின் ஒருமுறை சுற்றிவர இரண்டரைப் பெடல் சுற்று ஆகும் அல்லவா?

இனி மருந்துக்கு வருவோம்.

செயின்: இன்றைய உருளைச் செயினை 1880-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கினார். அதன் உயிர்நாடி உருளைக்குள் இருக்கும் எண்ணெய்ப் படலமே. கடற்கரையை ஒட்டிய நம் பகுதிகளில் உப்புக் காற்றும் மணலும் அப்படலத்தை விரைவில் அழித்துவிடுகின்றன. பழந்துணியால் செயினை நன்கு துடைத்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றியவாறே ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தையல் இயந்திர எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைச் சேர்க்கும். சற்று நேரம் கழித்து வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மிகுந்தால் மணல் ஒட்டிக்கொள்ளும். ரிம்மில் ஒரு சொட்டும் சிந்தலாகாது. செயினின் 24 கண்ணிகளை இரும்பு அளவுகோலால் அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்குமேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் எண்ணெய் பயன் தராது. செயினை மாற்றியே ஆகவேண்டும்.

செயின் கவர்: கவர் நசுங்கிச் செயினில் உரசினால், அந்த ஓசைக்கு அஞ்சிச் சிலர் கவரையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது பெருந்தவறு. பர்தா, சேலை, துப்பட்டா, கைலி ஆகியவை செயினில் சிக்காமல் காப்பது அந்தக் கவர்தான். நசுங்கிய இடத்தைக் கையால் வளைத்து நிமிர்த்தி, அதன் திருகுகளை முடுக்கினாலே போதுமானது.

கிராங்க்: பெடல் சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று காலில் இடிப்பதுபோல் உணர்ந்தால், பழைய பாணி வண்டிகளில் காட்டர்பின்னைச் சோதியுங்கள். இரு கிராங்குகளையும் தரைக்கு இணையாக நிறுத்தி, இரு பெடல்களையும் ஒருசேர அழுத்துங்கள். ஒன்று மட்டும் கீழிறங்கினால் பின் தளர்ந்துள்ளது. நட்டை மட்டும் முடுக்குவது வீண். கிராங்குக்கு அடியில் கனமான கட்டையை முட்டுக்கொடுத்து, பின்னைச் சுத்தியலால் தட்டி இறுக்கிய பின்னரே நட்டை முடுக்க வேண்டும். பின் தேய்ந்திருந்தால், அதையே மாதிரியாகக் கடைக்கு எடுத்துச் சென்று புதியது வாங்குங்கள். பெடலே கழன்றிருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை மரை. அதை இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். இதை அறியாமல் திருகினால் மரை அழிந்து கிராங்கே வீணாகும்.

பிரேக்: 'கீச்' என்னும் ஒலிக்குப் பெரும்பாலும் ரிம்மில் படிந்த எண்ணெயும் அழுக்குமே காரணம். சோப்பு நீரால் ரிம்மைக் கழுவி, கட்டையின் முகத்தை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிடுங்கள். ரிம்மின் இருபக்கமும் பிடிக்கும் பிரேக்காயின், கட்டையின் முன்முனை ரிம்மை இம்மியளவு முந்தித் தொடும்படி அமைத்தால் கீச்சொலி அடங்கும். ஆனால், இரும்போடு இரும்பு உரசும் 'கரகர' ஒலி கேட்டால், கட்டையின் ரப்பர் தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டியோடு அடையாற்றுப் பாலத்தின் சரிவில் இறங்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்! புதிய கட்டை மாட்டும்வரை வண்டியைத் தொடாதீர்கள்.

ஸ்போக்: ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பாருங்கள். இறுகியது கணீரென ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். இரு கம்பிகள் குறுக்கிட்டு உரசும் இடத்தில் ஒரு துளி எண்ணெய் வையுங்கள். தளர்ந்தவை பலவானால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் தருவதே முறை.

மழைக்காலத்துக்குப் பின் வரும் 'கரகர' ஒலியைத் தனியே சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. நீரில் மூழ்கிய சைக்கிளை வெயிலில் காயவைத்து எண்ணெய் விட்டால் போதாது. சக்கர அச்சிலும் கிராங்க் அச்சிலும் உள்ள பால்ரஸ் குண்டுகளுக்கிடையே சேறு தங்கிவிடும். அவற்றைப் பிரித்து, டீசலில் கழுவி, புதிய கிரீஸ் இட வேண்டும். துருவேறிய குண்டுகளை மாற்ற வேண்டும். உதிரிக் குண்டுகளாயின் பெரும்பாலும் முன்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 10, பின்சக்கரத்துக்குப் பக்கத்துக்கு 9, கிராங்க் அச்சுக்குப் பக்கத்துக்கு 11 இருக்கும். எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. முன்போர்க்கிலோ சட்டத்திலோ கீறல் தென்பட்டாலும், பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில்பாருக்குக் கீழே 'கிறுக்' என்று முறியும் ஒலி வந்தாலும், அது வீட்டு வைத்தியத்துக்கு உரியதன்று. உடனே இறங்கி, தள்ளிக்கொண்டு போய்க் கடையில் காட்டுங்கள்.

ஒரு ஸ்பானர், ஒரு திருப்புளி, ஓர் எண்ணெய்க் குப்பி, பழந்துணி இவ்வளவே வேண்டுவன. மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு செய்யுங்கள். சக்கரம் சுழலும்போது செயினருகே விரல் வைக்கலாகாது என்பதை முதலில் கற்பியுங்கள். ஆண் பிள்ளைக்குக் கற்பிப்பதைப் பெண் பிள்ளைக்கும் கற்பியுங்கள். பள்ளிக்கு அந்த வண்டியில் போய்வருபவள் அவள்தானே!