சுறாவை இனம் அறிந்து காப்போம்

நிலாவெளிக்கு எதிரே, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவின் முருகைக்கற் பாறைகளைச் சுற்றிக் கருமுனைச் சுறாக்கள் ஆழமற்ற நீரிலேயே நீந்துகின்றன. முதுகுத் துடுப்பின் நுனியில் கறுப்பு, ஏறத்தாழ ஐந்தடி நீளம், மனிதரைக் கண்டால் விலகிப் போகும் சுபாவம். ஆழ்கடலில் உலவும் நீள்வால் சுறாவோ உடலளவு நீண்ட வாலைச் சாட்டைபோல் வீசி மீன்களைத் திகைக்க வைத்து உண்ணும். உலகின் மிகப்பெரிய மீனான திமிங்கிலச் சுறாவுக்கு மிதவை உயிரிகளே முக்கிய உணவு. இத்தனை வேறுபாடு இருக்க, எல்லாச் சுறாவையும் ஒன்றாக எண்ணி அஞ்சுவதும் தவறு, ஒன்றாக எண்ணிப் பிடிப்பதும் தவறு.

இலங்கைச் சட்டம் இனம் பிரித்தே பேசுகிறது. நீள்வால் சுறாக்களைப் பிடிக்க 2012இல் தடை வந்தது. 2015இல் திமிங்கிலச் சுறாவும் பெருங்கடல் வெண்முனைச் சுறாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இருட்டில் வலை இழுப்பவருக்கு இனம் பிரித்தறியத் தெரியாவிட்டால் இந்தத் தடை ஏட்டளவில்தான் நிற்கும். ஆகவே திருகோணமலையின் இறங்குதுறைகள்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் படத்துடன் அடையாளக் குறிப்பு வைக்க வேண்டும்.

இந்தத் தடை கடற்றொழிலாளியின் வயிற்றில் அடிப்பதாகாதா என்று கேட்கலாம். தடை சில இனங்களுக்கு மட்டுமே. நீள்வால் சுறா ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு குட்டிகளையே ஈனும். இலட்சக்கணக்கில் முட்டையிடும் சூரையைப்போல் அது விரைவில் பெருகாது. தவறி வலையில் சிக்கியது உயிரோடிருந்தால் விட்டுவிடலாமே. சுறா இனங்கள் அழிந்தால் அவை கட்டுப்படுத்தும் மீன்களின் சமநிலையும் குலையும். அந்த இழப்பு முதலில் தாக்குவது கடற்றொழிலாளர் குடும்பங்களைத்தான்.