காலி வயிற்றில் பாடம் ஏறுமா?

கொல்லிமலைப் பிள்ளை காரவள்ளி அடிவாரம் வந்து சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் வாந்தி வருமென்று அஞ்சி, விடியலில் பச்சைத் தண்ணீரோடு கிளம்புகிறான். ஆயிரம் மீட்டர் உயரக் குளிரில் வளர்ந்த உடம்பு. கீழே கல்லூரியில் அனல் வீசும் வகுப்பறை. பதினோரு மணிக்குக் கண் சொக்கினால், 'மலைக்காரனுக்குப் படிப்பு ஏறாது' என்று தீர்ப்பு! ஏறாதது படிப்பா? இறங்காதது சோறா?

1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு 10ஆம் வகுப்போடு முடிகிறது. 2022இல் தொடங்கிய காலை உணவோ தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தது. கல்லூரிக்குப் போனால் வயிறு சுருங்கிவிடுமா என்ன?

கல்லூரியிலும் அரசு காலைச் சிற்றுண்டி தரட்டும். அதுவரை நாமக்கல் வணிகச் சகோதரர்களே, கல்லாவைத் திறக்குமுன் ஐம்பது பிள்ளைகளுக்கு இட்லி கொடுங்கள். எந்த ஊர், எந்த மதம் என்று கேட்காதீர்கள்.